பட்டன் அழைக்கலாம், ஏய்க்கக் கூடாது

'இப்போதே வாங்குங்கள்', 'இலவசமாகத் தொடங்குங்கள்' என்று பட்டன் வைத்துக் கூப்பிடுவது விற்பவரின் உரிமை. அதை அழுத்த வைக்கத் தந்திரம் செய்வது விதிமீறல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிமுறைகள், 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் 13 உத்திகளைத் தடை செய்துள்ளன.

சரக்கு மலைபோல் குவிந்திருக்க, 'இன்னும் இரண்டே உள்ளன' என்று அவசரப்படுத்துவது அவற்றில் ஒன்று. விமான டிக்கெட்டோடு காப்பீடு வேண்டாம் என்றால், 'பாதுகாப்பில்லாமலே பயணிக்கிறேன்' என்று நம் வாயாலேயே சொல்ல வைப்பது இன்னொன்று. கேட்காத நன்கொடையை பில்லில் சேர்ப்பதும் கூடாது. நமக்காக முன்கூட்டியே டிக் போட்டு வைப்பதை 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளே தடுத்துவிட்டன.

பலர் மாட்டிக்கொள்வது சந்தாவில்தான். சேர ஒரு தட்டு போதும். விலகும் வழியோ எங்கோ ஒளிந்திருக்கும். இலவசச் சந்தாவுக்கே கார்டு விவரமோ ஆட்டோபே அனுமதியோ கேட்டுக் கட்டாயப்படுத்துவதும் விதிமீறல் என்பது பலருக்குத் தெரியாது. செயலியை நீக்கிவிட்டால் சந்தா தானாக நிற்காது. யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதிக்குப் போய் நாமே ரத்து செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும். விளம்பரக் குப்பையோடு அந்தக் குறுஞ்செய்தியையும் அழித்துவிடாதீர்கள்.

ஏமாந்துவிட்டால் முதலில் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். மறுநாள் அந்தப் பக்கம் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிறகு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அசையவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போலி இணைப்பில் பணமே பறிபோயிருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும்.

ஆன்லைனில் ஊறுகாயோ புடவையோ விற்கும் சிறு வியாபாரிகளுக்கும் இந்த விதிகள் பொருந்தும். பட்டன் எழுதும்போது தொகையையும், அழுத்தினால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.