மீண்டும் அதே ஆறு: 'குளோஸ் டு தி எட்ஜ்' இசைத்தொகுப்பும் அதன் இசைத்திறனும்

முன்னுரை

மேலைநாட்டு ராக் இசையில் இந்தியத் தாக்கம் என்று பேசத் தொடங்கியதும் பலரும் சித்தாரையே முதலில் நினைப்பர். 1960களின் நடுப்பகுதியில் இங்கிலாந்துக் குழுக்கள் சில அக்கருவியின் ஒலியைத் தம் பாடல்களில் சேர்த்தமையே அதற்குக் காரணம். ஆயின், ஒரு கருவியின் ஒலி கேட்கிறது என்பதனால் மட்டும் அக்கருவிக்குரிய பண்பாட்டின் சிந்தனையும் அவ்விசையில் புகுந்துவிட்டது எனக் கொள்ளலாமா? இராகமோ தாளக்கட்டோ இல்லாத இடத்திலும் அச்சிந்தனை செயற்படக்கூடுமா? இவ்வினாக்களை மனத்தில் இருத்தி, யெஸ் என்னும் ஆங்கிலேய இசைக்குழு 1972 செப்டம்பரில் வெளியிட்ட 'குளோஸ் டு தி எட்ஜ்' என்னும் இசைத்தொகுப்பை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழுவும் தொகுப்பும்

1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான புரோகிரசிவ் ராக், மூன்று நிமிடப் பாடல் என்னும் வரம்பைக் கடக்க முயன்றது. ஐரோப்பியச் செவ்வியல் இசையின் நீண்ட வடிவங்களையும் ஜாஸ் இசையின் தாள நுட்பங்களையும் அது ராக் இசையோடு இணைத்தது. 1968இல் தோன்றிய யெஸ் இவ்வகையின் முன்னணிக் குழுக்களுள் ஒன்று. இத்தொகுப்பு உருவான வேளையில் அதில் ஐவர் இருந்தனர். ஜான் ஆண்டர்சன் பாடினார். ஸ்டீவ் ஹௌ கித்தாரும், கிறிஸ் ஸ்குவையர் பாஸ் கித்தாரும், ரிக் வேக்மன் விசைப்பலகைக் கருவிகளும், பில் புரூஃபோர்ட் டிரம்மும் இசைத்தனர்.

தொகுப்பில் மூன்றே உருப்படிகள் உள்ளன. ஏறத்தாழ பத்தொன்பது நிமிடம் நீளும் தலைப்புப் பாடல் இசைத்தட்டின் முதற்பக்கம் முழுவதையும் நிரப்புகிறது. 'அண்ட் யூ அண்ட் ஐ', 'சைபீரியன் காட்ரூ' ஆகிய இரண்டும் மறுபக்கத்தில் அமைந்துள்ளன. நம் ஆய்வின் மையம் தலைப்புப் பாடலே.

நாவலின் வழி

இப்பாடலின் கருத்துக்கு ஹெர்மன் ஹெஸ்ஸே 1922இல் வெளியிட்ட 'சித்தார்த்தா' என்னும் ஜெர்மானிய நாவல் தூண்டுதலாயிற்று. திருலோக சீதாராம் அதனைத் தமிழாக்கியிருப்பதால் தமிழ் வாசகர்க்கு அது புதியதன்று. ஹெஸ்ஸேயின் தாய் மலபாரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனாராகிய ஹெர்மன் குண்டர்ட், 1872இல் மலையாள-ஆங்கில அகராதியை வெளியிட்ட அறிஞர். ஹெஸ்ஸே 1911இல் கீழ்த்திசைப் பயணம் மேற்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர், சுமத்திரா, இலங்கை ஆகிய இடங்களைக் கண்டார். இந்தியப் பெருநிலத்தை மட்டும் அவர் எட்டவில்லை. அவர் கண்ட கீழ்த்திசையில் நம் ஊர்களும் அடங்கும் என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது.

நாவலின் இறுதிப் பகுதியில் சித்தார்த்தன் படகோட்டி வாசுதேவனிடம் தங்கி, ஆற்றின் ஓசையைக் கேட்கக் கற்கிறான். ஆறு ஊற்றிலும் கழிமுகத்திலும் ஒரே வேளையில் இருக்கிறது. ஓடிக்கொண்டே இருந்தும் அதே ஆறாக இருக்கிறது. அதன் பல்லாயிரங் குரல்கள் இறுதியில் ஒன்றாகின்றன. இக்கருத்து பாடல் வரிகளில் தெளிவாக விளக்கப்படவில்லை. வரிகளைப் பொருள்கோள் முறையில் அணுகுவோர் ஏமாற்றமே அடைவர். அக்கருத்து இசையின் கட்டமைப்பில் வெளிப்படுகிறது என்பதே நம் கருத்து.

கட்டமைப்பு

பறவை ஒலியும் நீரோசையும் மெல்ல எழ, பாடல் தொடங்குகிறது. பின்னர்க் குழு முழுவதும் திடீரெனப் புகுந்து, ஒன்றோடொன்று மோதுவன போன்ற விரைந்த ஓட்டங்களை இசைக்கிறது. குரல்கள் ஒருமித்து எழுந்து அவ்வோட்டத்தை இடையிடையே வெட்டி நிறுத்துகின்றன. அக்குழப்பத்திலிருந்து கித்தாரில் தெளிந்த இன்னிசைக் கரு ஒன்று பிறக்கிறது. ஏறத்தாழ நான்காம் நிமிடத்தில்தான் பாடல் வரிகளே தொடங்குகின்றன.

பாடல் நான்கு பகுதிகளாகப் பெயரிடப்பட்டுள்ளது. இரண்டாம் பகுதியில் முதற்பகுதியின் பாட்டு மெட்டே மீண்டும் வருகிறது. ஆயின் அதன் கீழுள்ள பாஸ் கித்தாரும் டிரம்மும் வேறொரு நடையில் இயங்குகின்றன. பாடகர் பழைய இடத்தில் நிற்க, அவர் காலடியில் நிலம் நகர்கிறது எனலாம். பல்லவி பாடுவோர் ஒரே சாகித்திய வரியை வெவ்வேறு காலங்களில் பாடிக் காட்டுவதை அறிந்த நமக்கு இவ்வுத்தி அந்நியமன்று. எனினும் இரண்டும் ஒன்றல்ல. பல்லவியில் தாளம் நிலைத்திருக்க வரியின் வேகம் மாறுகிறது. இங்கு மெட்டு நிலைத்திருக்க அடித்தளம் மாறுகிறது.

மூன்றாம் பகுதி தாளக்கருவிகள் அடங்கிய மெல்லிய பகுதி. ஆண்டர்சனின் குரலும் பிற குரல்களும் வெவ்வேறு வரிகளை ஒரே வேளையில் பின்னிப் பாடுகின்றன. அதன் உச்சத்தில் குழாய் ஆர்கனின் பேரொலி எழுகிறது. இவ்வொலி, இலண்டனில் ஜான் மில்டன் அடக்கம் செய்யப்பட்டுள்ள செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தில் பதிவு செய்யப்பட்டது. தொடர்ந்து வேக்மனின் விரைந்த தனி வாசிப்பு. அதன்பின் நான்காம் பகுதியில் முதல் மெட்டு மீள்கிறது. முன்னர் மெலிதாய் ஒலித்த பல்லவித் தொடர் இப்போது குழு முழுவதன் ஆற்றலோடு முழங்குகிறது. இறுதியில் மீண்டும் நீரோசை, பறவை ஒலி. தொடங்கிய இடத்திற்கே வந்துவிட்டோம்; ஆயினும் கேட்கும் நாம் அதே நிலையில் இல்லை.

கருவிகளும் தாளமும்

இத்தொகுப்பில் ஹௌ மின்சாரச் சித்தாரையும் இசைத்துள்ளார். அது பெயரளவில் மட்டுமே சித்தார். உண்மையில் அது, இரைவொலி தரும் சிறப்புப் பாலம் பொருத்திய கித்தார் வகை. மீட்டும் முறையும் கித்தார் முறையே. அதனை மட்டும் சான்றாக்கி இத்தொகுப்பை இந்திய இசை எனல் பொருந்தாது.

இசைத்திறனைக் காண 'சைபீரியன் காட்ரூ'வின் தொடக்கம் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் முதன்மைத் தொடர் எட்டும் ஏழுமாகப் பதினைந்து அடிப்புகள் கொண்டது. எட்டுக்குப் பழகிய செவி, மறுமுறை ஒரு அடிப்பு குறைவதால் சற்றே தடுமாறி முன்னே தள்ளப்படுகிறது. ஆசிரியர்கள் வகுப்பில் கைத்தாளமிட்டே இதனை உணர்த்தலாம். ஸ்குவையரின் பாஸ் கித்தார் வெறும் அடிச்சுரம் காட்டாது தனியொரு மெட்டாகவே நடக்கிறது. புரூஃபோர்ட், எதிர்பார்க்கும் அடிப்பைத் தவிர்த்து எதிர்பாராத இடத்தில் அழுத்தம் தருகிறார். எனினும் எவரும் பிறரை மறைப்பதில்லை. தம் திறனைக் காட்டத் தக்க ஐவர், முழுமையின் பொருட்டு அதனை அடக்கியமையே இத்தொகுப்பின் தலையாய இசைத்திறன்.

நாடாவில் இணைந்த இசை

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். இத்தொகுப்பு இலண்டன் அட்விஷன் ஒலிப்பதிவுக்கூடத்தில் சிறு சிறு பகுதிகளாக இசைக்கப்பட்டு, பொறியாளர் எடி ஆஃபர்டின் துணையுடன் ஒலிநாடாவை வெட்டி ஒட்டி உருவாக்கப்பட்டது. வெட்டி ஒட்டியதை இசைத்திறன் எனலாமா?

இதற்கான விடையைக் குழுவின் பிற்கால வரலாறே தருகிறது. ஒலிப்பதிவு முடிந்ததும் புரூஃபோர்ட், இக்குழுவில் இதனினும் மேலானதைத் தம்மால் செய்ய இயலாது எனக் கருதி விலகி, கிங் கிரிம்சன் குழுவில் சேர்ந்தார். அவரிடத்தில் வந்த ஆலன் ஒயிட், சுற்றுப்பயணத்திற்குச் சில நாள்களே இருந்த நிலையில் இவ்விசையைக் கற்றார். 1973இல் வெளிவந்த 'யெஸ்சாங்ஸ்' என்னும் மேடைப்பதிவில் இம்மூன்று உருப்படிகளும் முழுமையாக இடம்பெற்றுள்ளன. வெட்டி ஒட்டிய நாடா, மேடையில் ஒரே மூச்சில் இசைக்கத்தக்க படைப்பாக நின்றது. எழுத்தாளன் அடித்துத் திருத்தி எழுதுவது போன்றதே இவர்கள் நாடாவை வெட்டியதும்.

முடிவுரை

இத்தகைய இசை மிகை ஆடம்பரமானது என்னும் குறைகூறல், குறிப்பாக 1970களின் பிற்பகுதியில் பங்க் இசை எழுந்தபோது, வலுவாக ஒலித்தது. வரிகளின் மயக்கத்தை நோக்க அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும் ஜான் கோவாக், எட்வர்ட் மேக்கன் போன்ற இசையியல் அறிஞர்கள் 1997இல் இப்பாடலின் வடிவத்தை விரிவாக ஆராய்ந்தமை, அது வெறும் ஆடம்பரம் அன்று என்பதை உணர்த்தும்.

இந்தியவியல் பயில்வோர் இதிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. தாக்கத்தை மேற்பரப்பில் தேடுவது எளிது. மின்சாரச் சித்தாரைச் சுட்டிக்காட்டி நிறைவடைந்துவிடலாம். ஆயின் ஆற்றைப் பற்றிய சிந்தனை இப்பாடலில் தங்கியிருப்பது, திரும்பி வரும் மெட்டிலும் அதன் கீழ் மாறிக்கொண்டே இருக்கும் அடித்தளத்திலுமே. ஒலியை எண்ணுவதோடு நில்லாது அமைப்பையும் கேட்கப் பழகுவோமாயின், நம் ஆய்வுகள் மேலும் ஆழம் பெறும்.