சுவிட்சுக்கு யார் சொல்வது?

ஒரு ரூட்டருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. வந்து சேரும் தரவுப் பொட்டலத்தை எந்தப் போர்ட் வழியே வெளியே விடுவது என்று அட்டவணையைப் பார்த்து அனுப்புவது ஒன்று. அந்த அட்டவணையை எழுதுவது இன்னொன்று. முன்னது சிப் செய்யும் வேலை. நொடிக்குப் பல லட்சம் முறை நடக்கும். பின்னது யோசிக்கிற வேலை. நெடுங்காலமாக இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. ஒவ்வொரு பெட்டியும் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி போன்ற நெறிமுறைகளில் அக்கம்பக்கத்துப் பெட்டிகளோடு பேசி, தனக்கு எட்டிய தகவலை வைத்துத் தானே முடிவெடுக்கும். யோசிக்கிற வேலையை மட்டும் பெட்டிகளிலிருந்து பிரித்து, ஒரு சர்வரில் ஓடும் மென்பொருளிடம் ஒப்படைப்பதுதான் எஸ்டிஎன் எனப்படும் மென்பொருள்வழி வலையமைப்பு. அந்த மென்பொருளுக்குக் கன்ட்ரோலர் என்று பெயர்.

இந்தப் பிரிப்பு எங்கே உதவும் என்பதற்குத் தருமபுரி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 251 ஊராட்சிகள் உள்ளன. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் இணைப்புத் தரும் பாரத்நெட் பணியை, 1,815.32 கோடி ரூபாய் மதிப்பீட்டில், அரசு நிறுவனமான டான்ஃபினெட் மேற்கொண்டிருக்கிறது. கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலேயே செல்கிறது. மரக்கிளை முறிந்து விழுந்தாலோ, சாலை விரிவாக்கத்துக்காகக் கம்பத்தைப் பிடுங்கினாலோ இணைப்பு அறுந்துபோகும். 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திருத்திய பாரத்நெட் திட்டம் ஊராட்சிகளை வளைய வடிவில் இணைக்கச் சொல்கிறது. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாகப் போகலாம். அத்திட்டம் தேர்ந்துகொண்டது ஐபி-எம்பிஎல்எஸ் தொழில்நுட்பம். அதன் வழக்கமான அமைப்பில் பாதையை மாற்றும் முடிவு ரூட்டர்கள் கையில்தான் இருக்கும். மறுபக்கமாகப் போகும்படி சொல்வது யார் என்ற கேள்விக்கு எஸ்டிஎன் தரும் விடை வேறு.

விளக்கத்துக்காகத் தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் என மூன்று இடங்களில் மூன்று சுவிட்சுகள் முக்கோணமாக இணைந்திருப்பதாகக் கொள்ளலாம். கன்ட்ரோலர் தருமபுரியில் ஒரு சர்வரில் ஓடுகிறது. பென்னாகரத்துக் கணினி ஒன்று தருமபுரிக்கு முதல் பொட்டலத்தை அனுப்புகிறது. பென்னாகரம் சுவிட்சின் அட்டவணையில் அதற்குப் பொருந்தும் விதி இல்லை. 'பாக்கெட்-இன்' என்ற செய்தியில் பொட்டலத்தை வைத்துக் கன்ட்ரோலரிடம் கேட்கிறது. கன்ட்ரோலரிடம் மூன்று ஊர்களும் அடங்கிய முழு வரைபடம் இருக்கிறது. அது பாதையைக் கணக்கிட்டு, வழியிலுள்ள சுவிட்சுகளுக்கு 'ஃப்ளோ-மாட்' செய்தி அனுப்பி விதியை எழுதுகிறது. விதியில் எந்தப் பொட்டலம், அதை என்ன செய்வது, முன்னுரிமை எத்தனை, எவ்வளவு நேரம் செல்லும் என்பவை இருக்கும். அடுத்தடுத்த பொட்டலங்கள் கன்ட்ரோலரைத் தேடிப் போவதில்லை, சுவிட்சே அனுப்பிவிடும். ஒவ்வொரு புது உரையாடலுக்கும் கன்ட்ரோலரைக் கேட்பது ஆய்வுக்கூடத்தில் பார்க்க அழகாக இருக்கும். பெரிய வலையமைப்பில் அது தாங்காது என்பதால் முக்கியமான விதிகளை முன்கூட்டியே எழுதிவைப்பார்கள்.

கன்ட்ரோலருக்கும் சுவிட்சுக்கும் இடையிலான இந்தப் பேச்சு தெற்கு இடைமுகம் எனப்படுகிறது. வரைபடத்தில் சுவிட்சுகளைக் கீழே வரைவதால் வந்த பெயர், அவ்வளவுதான். இதற்கான முதல் பொது மொழி ஓப்பன்ஃப்ளோ. ஸ்டான்ஃபோர்டில் மார்ட்டின் கசாடோ உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட ஈத்தேன் ஆய்வின் தொடர்ச்சியாக, 2008இல் ஓப்பன்ஃப்ளோ கட்டுரை வந்தது. நிக் மெக்கியோன் தலைமையிலான அதன் எட்டு ஆசிரியர்களில் ஒருவர், சென்னை ஐஐடியில் படித்த ஹரி பாலகிருஷ்ணன். பல்கலைக்கழக வளாகத்தின் நிஜ வலையமைப்பிலேயே புது நெறிமுறைகளைச் சோதித்துப் பார்க்க ஆய்வாளர்களுக்கு ஒரு வழி வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. அதே காலத்தில் நாக்ஸ் என்ற முதல் ஓப்பன்ஃப்ளோ கன்ட்ரோலரும் வந்தது. 2011இல் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், யாஹூ, வெரைசன், டாய்ச்சே டெலிகாம் ஆகிய ஆறும் சேர்ந்து ஓப்பன் நெட்வொர்க்கிங் ஃபவுண்டேஷனைத் தொடங்கின. தன் தரவு மையங்களை இணைக்கும் பி4 வலையமைப்பை ஓப்பன்ஃப்ளோ கொண்டு நடத்துவதையும், அதன் பல இணைப்புகள் முழுக் கொள்ளளவை நெருங்கி ஓடுவதையும் 2013இல் கூகுள் வெளியிட்டது. இணைப்புகளைப் பாதியளவுக்கு மேல் நிரப்பாமல் வைத்திருப்பதே பாதுகாப்பு என்று பழகியிருந்த துறைக்கு அது பெரிய செய்தி.

தெற்கே பொது மொழி கிடைத்ததுபோல் வடக்கே கிடைக்கவில்லை. எஸ்டிஎன் வரலாற்றில் போதிய கவனம் பெறாத பகுதி இது. வடக்கு இடைமுகம் என்பது கன்ட்ரோலருக்கும் அதன் மேல் ஓடும் செயலிகளுக்கும் இடையிலான ஏபிஐ, அதாவது மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி. ஃபயர்வால், சுமைப் பகிர்வு, போக்குவரத்து மேலாண்மை எல்லாம் இங்கே செயலிகள்தான். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான கன்ட்ரோலர்கள் இந்த இடைமுகத்தை வலைத்தள முகவரிபோன்ற ரெஸ்ட் வடிவில் தருகின்றன. ஜப்பானின் என்டிடி ஆய்வகத்தில் உருவான, பைதானில் எழுதப்பட்ட ரியூ கன்ட்ரோலரில், சுவிட்சின் எண், முன்னுரிமை, பொருத்தம், செயல் ஆகியவற்றை ஜேசான் வடிவில் எழுதி அனுப்பினால் விதி சுவிட்சில் ஏறிவிடும். 2013இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் தொடங்கிய ஓப்பன்டேலைட் கன்ட்ரோலரில் யாங் என்ற மொழியில் எழுதிய தரவு மாதிரிகளின் அடிப்படையிலான ரெஸ்ட்கான்ஃப். 2014 டிசம்பரில் வெளியான ஓனாஸ் கன்ட்ரோலரில் இன்னொரு வகை. ஓப்பன் நெட்வொர்க்கிங் ஃபவுண்டேஷன் 2013இல் இதற்கெனத் தனிப் பணிக்குழு அமைத்தும் எல்லோரும் ஏற்ற ஒரே தரம் உருவாகவில்லை. ஓப்பன்ஃப்ளோ பேசும் சுவிட்சை எந்த நிறுவனத்திடமும் வாங்கலாம். ஆனால் ரியூவுக்கு எழுதிய செயலியை ஓனாஸுக்குக் கொண்டுபோனால் பெரும்பகுதியைத் திருப்பி எழுத வேண்டும். பெட்டி விற்பவரிடமிருந்து கிடைத்த விடுதலையில் ஒரு பங்கு கன்ட்ரோலரிடம் அடகு போனது என்றே சொல்ல வேண்டும்.

இடைமுகத்தின் தரம் அது எந்த அளவுக்கு விவரம் கேட்கிறது என்பதில் தெரியும். பென்னாகரம் சுவிட்சில் மூன்றாம் போர்ட்டுக்கு அனுப்பு என்று எழுதும் செயலி, வலையமைப்பின் உள்ளமைப்பைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தருமபுரி கேபிள் அறுந்ததும் அந்த விதி பயனற்றுப்போகும். செயலியே விழித்துக்கொண்டு புது விதி எழுத வேண்டும். ஓனாஸ் இதற்கு 'இன்டென்ட்' என்ற முறையைக் கொண்டுவந்தது. இந்த இரு கணினிகளும் பேச வேண்டும் என்ற தேவையை மட்டும் செயலி சொல்லும். பாதை, போர்ட், விதி எல்லாம் கன்ட்ரோலரின் பாடு. கேபிள் அறுந்தால் சுவிட்சிலிருந்து போர்ட் நிலைச் செய்தி வரும். கன்ட்ரோலர் தேவையைத் திரும்பவும் கணக்கிட்டுப் பாலக்கோடு வழியே விதிகளை எழுதிவிடும். செயலி எதையும் மாற்றத் தேவையில்லை.

பல செயலிகள் ஒரே கன்ட்ரோலரின் மேல் ஓடும்போது மோதலும் வரும். ஒரு முகவரியைத் தடுக்கச் சொல்கிறது ஃபயர்வால் செயலி. முகவரியை வழியில் மாற்றியெழுதும் இன்னொரு செயலி, தெரிந்தோ தெரியாமலோ அந்தத் தடையைத் தாண்டவைத்துவிடலாம். 2012இல் நாக்ஸுக்காக உருவான ஃபோர்ட்நாக்ஸ், செயலிகளுக்குப் படிநிலை வகுத்து, மேல்படியிலுள்ள செயலியின் விதியைக் கீழ்ப்படியிலுள்ளது மீறாதபடி பார்த்துக்கொண்டது. வடக்கு இடைமுகத்தின் கடவுச்சொல் வெளியே கசிந்தால் போவது ஒரு சுவிட்ச் மட்டுமல்ல, மாவட்டம் முழுவதும்.

கன்ட்ரோலரே நின்றுபோனால் என்ன ஆகும்? ஏற்கெனவே எழுதிய விதிகள் காலாவதியாகும்வரை சுவிட்சுகள் வேலை செய்யும். புதிதாக எதுவும் நடக்காது. அதனால்தான் நடைமுறையில் கன்ட்ரோலர் என்பது ஒரு சர்வர் அல்ல, மூன்று அல்லது ஐந்து சர்வர்களின் கூட்டம். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு சர்வர் தலைமை வகிக்கும். அது விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்கும். இந்த ஏற்பாட்டுக்கு ஓப்பன்ஃப்ளோவின் 1.2 பதிப்பிலேயே இடம் உண்டு.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எஸ்டிஎன் ஒரு விருப்பப் பாடம். தருமபுரிக்கு அருகே செட்டிக்கரையில் 2013இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி இப்பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளது. மினிநெட் மென்பொருளில் மெய்நிகர் சுவிட்சுகளை உருவாக்குவது, பாக்கெட்-இன், ஃப்ளோ-மாட் செய்திகளை வயர்ஷார்க்கில் பிடித்துப் பார்ப்பது, வடக்கு ஏபிஐ வழியாக விதி எழுதும் செயலி ஒன்றை உருவாக்குவது ஆகியவை அந்த விருப்பப் பாடத்தின் செய்முறைப் பயிற்சிகள். மேலே சொன்ன முக்கோணத்தை ஒரு சாதாரண மடிக்கணினியிலேயே கட்டி, ஒரு கட்டளையில் இணைப்பை அறுத்துப் பார்க்கலாம். பயிற்சிக்குப் பலரும் எடுத்துக்கொள்ளும் ரியூவின் பராமரிப்பு தேங்கிவிட்டதால், புதிய பைதான் பதிப்புகளில் அதை நிறுவுவது சிரமம். பழைய பதிப்பு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது ஓப்பன்ஸ்டாக் குழுவினர் ரியூவிலிருந்து பிரித்தெடுத்துப் பராமரிக்கும் ஓஎஸ்-கென் பக்கம் போக வேண்டும்.