அறுபதுக்கு மேல் மருத்துவக் காப்பீடு: அரசுத் திட்டமா, தனியார் பாலிசியா?

வங்கியில் நான் வேலை பார்த்த காலத்தில், நகைக்கடன் விண்ணப்பத்தில் எல்லாரும் 'விவசாயச் செலவு' என்றுதான் எழுதித் தருவார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் உண்மை வெளியே வரும். அப்பாவுக்கு இருதய ஆபரேஷன், அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு, வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். நகை மூழ்கின பிறகு அடுத்தது பத்திரம். பத்து வருடம் மூடாக்குப் போட்டு, பலதானியம் விதைத்து மண்ணை உயிராக்கி வைத்திருப்போம். ஒரே ஒரு ஆஸ்பத்திரி பில்லில் அந்த நிலம் கைமாறிப் போகும். நம் பத்திரிகையில் பஞ்சகவ்யா பற்றியும் விதை சேமிப்பு பற்றியும் எழுதுகிறோம். நிலத்தைக் கையில் வைத்திருப்பது பற்றியும் எழுதத்தானே வேண்டும்?

தென்காசி, குற்றாலம் பக்கத்து உழவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் வருகிற முதல் பதில், "நஞ்சில்லாத சோறு சாப்பிடுதோம், நமக்கு எதுக்கு அண்ணாச்சி இன்சூரன்சு?" என்பதுதான். நல்ல சோறு நல்லதுதான். ஆனால் கண்புரைக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் நம் சோறு தெரியாது. சாரல் காலத்தில் வரப்பு வழுக்கி விழுந்தால் எலும்பு முறியும். வயலில் பாம்பும் உண்டு, எலிக்காய்ச்சலும் உண்டு. போதாததற்கு, நம்மில் பலர் இருபது முப்பது வருடம் மருந்தடித்துவிட்டுத்தான் இயற்கைக்குத் திரும்பியிருக்கிறோம்.

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி உண்டு, பயிர் கருகின பிறகு போய் நின்றால் யாரும் சேர்க்க மாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். தனியார் மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். நோய் வந்த பிறகு கதவு பாதி சாத்திவிடும். அரசுத் திட்டத்தின் கதவு அப்படிச் சாத்தாது. இரண்டுக்கும் உள்ள முதல் வித்தியாசம் இதுதான். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கியது, 2012 ஜனவரி முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடக்கிறது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியம் நாம் கட்ட வேண்டியதில்லை, அரசு கட்டுகிறது. வயது வரம்பு இல்லை. சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா என்று கேட்டு ஒதுக்குவதில்லை. காத்திருப்புக் காலமும் இல்லை.

சிறு, குறு உழவர்கள் பலர் 'நம்மகிட்ட நிலம் இருக்கே, நமக்குத் தர மாட்டாங்க' என்று கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். திட்டம் பார்ப்பது வருமானத்தை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். குடும்ப அட்டையில் பெயர் இருக்க வேண்டும். மகன் தனி அட்டை வாங்கியபோது அப்பா, அம்மா பெயர் எந்த அட்டையில் நின்றது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். திட்டத்தின் பட்டியலில் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகளுக்குத்தான் பணம். பட்டியலில் இல்லாத சிகிச்சைக்கும், அங்கீகாரம் இல்லாத மருத்துவமனைக்கும் அட்டை செல்லாது. அங்கீகாரம் உள்ள தனியார் மருத்துவமனையிலும் எல்லாப் பிரிவுக்கும் அனுமதி இருக்கும் என்று சொல்ல முடியாது. "எங்க ஆஸ்பத்திரியில கார்டு எடுப்போம்" என்று சொன்னால், "இந்த ஆபரேஷனுக்கு எடுப்பீங்களா?" என்று கேளுங்கள்.

"அரசு மருத்துவமனையில எல்லாம் இலவசம்தானே, அங்க கார்டு எதுக்கு?" என்றும் கேட்கிறார்கள். அட்டையைக் காட்டினால் அந்தச் சிகிச்சைக்கான தொகை மருத்துவமனைக்கு வருகிறது. தென்காசி அரசு தலைமை மருத்துவமனையானாலும், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆனாலும் அட்டையைக் கையில் கொண்டு போங்கள்.

எழுபது வயது தாண்டியவர்களுக்கு

மத்திய அரசு 2024 அக்டோபர் 29-ல் ஆயுஷ்மான் திட்டத்தை 70 வயது நிறைந்த எல்லோருக்கும் விரிவாக்கியது. 'வய வந்தனா' அட்டை என்பது இதுதான். வருமான வரம்பு இல்லை. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவரும் சேரலாம், ஓய்வூதியம் வாங்குபவரும் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். கணவன், மனைவி இருவருமே எழுபது தாண்டியவர்கள் என்றால் இந்த 5 லட்சத்தை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே ஆயுஷ்மான் திட்டத்தில் உள்ள குடும்பம் என்றால், பெரியவர்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு 5 லட்சம். தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் இதில் சேரலாம். மத்திய அரசு ஊழியர் திட்டம், முன்னாள் ராணுவத்தினர் திட்டம் போன்றவற்றில் இருப்பவர்கள் மட்டும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வயதுக்கு ஆதாரம், ஆதார் அட்டைதான். நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் பிறந்த வருடம் குத்துமதிப்பாகப் போட்டிருக்கும். உண்மையில் 72 வயது, ஆதாரில் 67 என்றால் அட்டை கிடைக்காது. தகுந்த சான்று இருந்தால் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். அட்டை எடுத்ததும் 14555 என்ற எண்ணில், நாம் வழக்கமாகப் போகும் மருத்துவமனை இந்த அட்டையை ஏற்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். செங்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் புனலூர், திருவனந்தபுரம் என்று போவதும் உண்டு. அவர்கள் அந்த ஊர் மருத்துவமனைகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

விலை கொடுத்து வாங்கும் பாலிசி

வருமானம் 1,20,000-க்கு மேல், வயது 60-க்கும் 70-க்கும் நடுவில். இவர்கள்தான் இரண்டு திட்டத்துக்கும் இடையில் மாட்டிக்கொண்டவர்கள். இவர்களுக்குத்தான் பாலிசி மிக அவசியம். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல் ஆகிய நான்கும் மத்திய அரசு நிறுவனங்கள். மற்றவை தனியார். 'அரசு கம்பெனின்னா இழுத்தடிப்பாங்க, தனியார்னா ஏமாத்துவாங்க' என்று இரண்டு பக்கமும் பேச்சு உண்டு. இரண்டுக்குமே விதி போடுவது ஒரே ஆணையம்தான், ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கம்பெனி பெயரைவிட, பாலிசிக் காகிதத்தில் உள்ள நான்கு விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, காத்திருப்புக் காலம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாதம் வரை பணம் தர மறுக்கலாம். 2024-க்கு முன் இது 48 மாதமாக இருந்தது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்கும் தனிக் காத்திருப்பு உண்டு.

இரண்டாவது, கோ-பே. ஒவ்வொரு பில்லிலும் நம் பங்கு இத்தனை சதவீதம் என்பது. மூத்தோர் பாலிசிகளில் இது 20, 30 சதவீதம்கூட இருக்கும்.

மூன்றாவது, அறை வாடகை வரம்பு. உழவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பாலிசித் தொகை 2 லட்சம், அறை வரம்பு 2 சதவீதம், அதாவது நாளுக்கு 4,000 ரூபாய். நாம் 8,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் இருந்தோம். அறைக்கு 40,000, டாக்டர் மற்றும் ஆபரேஷன் கட்டணம் 1,20,000, மருந்து 40,000. மொத்தம் 2 லட்சம். பாலிசித் தொகைக்குள்தானே என்று நினைப்போம். அறை வரம்பு பாதி என்பதால் அறைக்கு 20,000 தருவார்கள். அதே விகிதத்தில் டாக்டர், ஆபரேஷன் கட்டணத்தையும் பாதியாக்கி 60,000. மருந்து முழுசாக 40,000. ஆக 1,20,000. இதில் 5 சதவீதம் கோ-பே கழித்தால் 1,14,000. மீதி 86,000 ரூபாய் நம் கையை விட்டுப் போகும். வரம்புக்குள் ஒரு அறை எடுத்திருந்தால் அதே சிகிச்சைக்கு நம் பங்கு பத்தாயிரத்தைத் தாண்டியிருக்காது.

நான்காவது, பணமில்லா சிகிச்சைக்கான மருத்துவமனைப் பட்டியல். சென்னையில் ஆயிரம் மருத்துவமனை இருந்து நமக்கென்ன? தென்காசியிலும் திருநெல்வேலியிலும் எத்தனை என்று பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும் என்றால் 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் ஆணையமே வகுத்துக் கொடுத்தது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான், பிரீமியம் மட்டும் மாறும். கோ-பே 5 சதவீதம். அறைக்குப் பாலிசித் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். சித்தா, ஆயுர்வேத உள்நோயாளி சிகிச்சையும் உண்டு. ஏஜென்ட் காட்டுகிற பாலிசி இதைவிட எதில் மேல், எதில் கீழ் என்று கேட்டாலே பாதி தெளிவு வந்துவிடும்.

ஏஜென்ட் சிலர், "சுகர் இருக்குன்னு எழுதாதீங்க, பிரீமியம் கூடும்" என்பார்கள். எழுதிவிடுங்கள். மறைத்தால், பில் வரும் நாளில் அதையே காரணம் காட்டிப் பணத்தை மறுப்பார்கள். 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தாலொழிய, 'நீ சொல்லவில்லை' என்று கம்பெனி மறுக்க முடியாது.

பிரீமியம் சுமைதான். ஆனால் இரண்டு சலுகைகள் வந்திருக்கின்றன. 2025 ஜனவரி முதல், மூத்த குடிமக்கள் பாலிசியில் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்ற, கம்பெனிகள் ஆணையத்தைக் கலந்தாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கிவிட்டது. கம்பெனி பிடிக்கவில்லை என்றால், புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்னதாக விண்ணப்பித்து வேறு கம்பெனிக்கு மாறலாம். காத்திருந்த காலம் வீணாகாது.

பணம் தர மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

இருபது ரூபாய் பாலிசி

எங்கள் வங்கி ஆட்கள் சொல்லிச் சொல்லி அலுத்தது இது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. சேமிப்புக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிப்பார்கள். 18 முதல் 70 வயது வரை. விபத்து மரணத்துக்கு 2 லட்சம். பாம்புக் கடியும் மரத்திலிருந்து விழுவதும் இதில் அடங்கும், உடனடியாக மருத்துவமனையில் பதிவானதற்குச் சான்று வேண்டும். சிகிச்சைச் செலவு இதில் கிடைக்காது. மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் போனால் பாலிசி நின்றுவிடும், அதைக் கவனியுங்கள்.

யார் என்ன செய்யலாம்

வருமானம் வரம்புக்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, நோய் வரும்வரை காத்திராமல் இந்த மாதமே. எழுபது தாண்டியவர்கள் வய வந்தனா எடுங்கள், ஆனால் அதை நம்பி, பல வருடம் கட்டிய பாலிசியை நிறுத்திவிடாதீர்கள். விட்டால் அந்த வயதில் திரும்பக் கிடைப்பது கடினம். இடைப்பட்டவர்கள் காத்திருப்புக் காலத்தை மனதில் வைத்து, மூட்டு வலிக்கத் தொடங்கும் முன்பே பாலிசி எடுங்கள். ஐம்பதுகளில் இருக்கும் உழவர்களுக்கு இதுதான் சரியான பட்டம். வங்கி, அரசு ஓய்வூதியர்கள் தங்கள் குழுக் காப்பீட்டை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை, மாதாந்திரப் பரிசோதனைக்கு இந்தக் காப்பீடுகள் பெரும்பாலும் பணம் தராது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையமும், வீட்டுக்கே மாத்திரை கொண்டு வரும் மக்களைத் தேடி மருத்துவமும் இருக்கின்றன.

அட்டை, பாலிசி நகல், ஆதார், கட்டணமில்லா எண்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரத்தில் பீரோவைத் துழாவப் போவது நாம் இல்லை, நம் வீட்டில் உள்ளவர்கள்தான்.