வேலிக்கு வெளியே வந்த இயந்திரக் கரம்

தொழிற்சாலை ரோபோ என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் இரும்புக் கரம் பெரும்பாலும் வேலிக்குள்தான் நிற்கும். 1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் பணியைத் தொடங்கிய ‘யூனிமேட்’ முதல், இன்றைய கார் ஆலைகளின் பற்றவைப்புக் கரங்கள்வரை, வலிமையே அவற்றின் பெருமை. அவ்வலிமையே ஆபத்தும் ஆகும். எதிரே இருப்பது இரும்பா, மனித உடலா என்று அவை பிரித்தறிவதில்லை. ஆதலால் வேலியிட்டு மனிதரை விலக்கி வைத்தனர்.

அந்த வேலியை அகற்ற இயலுமா என்ற கேள்விக்கு விடையாகப் பிறந்ததே ‘கோபாட்’ எனப்படும் கூட்டுப்பணி ரோபோ. 1990களின் நடுப்பகுதியில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எட்வர்ட் கோல்கேட், மைக்கேல் பெஷ்கின் இருவரும் இக்கருத்துக்கு வடிவம் தந்தனர். அவர்களது தொடக்கக் கருவிகளில் நகர்த்தும் விசையை மனிதரே தந்தார். செல்லும் திசையைக் கருவி நெறிப்படுத்தியது. 2008இல் டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபாட்ஸ் நிறுவனம் தனது முதல் கரத்தை விற்றது. சுமார் 18 கிலோகிராம் எடையுள்ள அக்கரம் 5 கிலோகிராம் பொருளைத் தூக்கும். சிறிய பட்டறையின் மேசையிலும் ரோபோவுக்கு இடம் கிடைத்தது.

மனிதரும் ரோபோவும் ஓரிடத்தில் பணியாற்ற நான்கு வழிகள் உள்ளன. மனிதர் நுழைந்ததும் ரோபோ நிற்பது முதல் வழி. மனிதர் கையால் பற்றி அதனை நடத்துவது இரண்டாவது. இடைவெளியை உணரிகள் அளக்க, மனிதர் நெருங்க நெருங்க வேகத்தைக் குறைப்பது மூன்றாவது. தொட்டாலும் தீங்கு நேராதவாறு விசையையே மட்டுப்படுத்துவது நான்காவது. 2016இல் வெளியான அனைத்துலகத் தர ஆவணம் ஒன்று, உடலின் 29 இடங்கள் தாங்கத்தக்க அழுத்தத்தை வரையறுத்தது. மேசைக்கும் கரத்துக்கும் இடையே விரல் சிக்கி நசுங்குவதற்கான வரம்பு, தட்டிவிட்டு விலகும் மோதலுக்கான வரம்பைவிடக் கடுமையானது.

திறன்மிகு தொழிற்சாலையில் இக்கரம் தனித்து இயங்குவதில்லை. மூட்டுகளில் உள்ள மோட்டார்கள் இழுக்கும் மின்னோட்டம், கேமராவின் பார்வை, கிடங்கின் இருப்பு யாவும் ஒரே வலையமைப்பில் இணைகின்றன. ஒரு மூட்டின் மின்னோட்டம் வழக்கத்தைவிட உயர்ந்தால், பழுது நேருமுன்பே பராமரிப்புக்கு ஏற்பாடு செய்யலாம். இவ்விணைப்பில் ஓர் அபாயமும் உண்டு. அந்நியர் ஒருவர் ஊடுருவி வேக வரம்பை மாற்றிவிட்டால், கெடுவது தரவு மட்டுமன்று. அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து நேரலாம். இணையப் பாதுகாப்பு இங்கு உடற்பாதுகாப்பாகிறது.

இவற்றினும் முக்கியமான உண்மை ஒன்று உண்டு. மென்மையாக இயங்கும் கரத்தின் நுனியில் கூரிய கத்தியைப் பொருத்தினால், அது பாதுகாப்பான ரோபோ ஆகுமா? ஆகாது. கருவி, பொருள், வேகம், மேசையின் விளிம்பு, மனிதர் நிற்கும் இடம் ஆகிய அனைத்தையும் சேர்த்தே இடர் மதிப்பிடப்பட வேண்டும். 2025இல் திருத்தப்பட்ட அனைத்துலகத் தரமும் ‘கூட்டுப்பணி ரோபோ’ என்பதை விடுத்து, ‘கூட்டுப்பணிப் பயன்பாடு’ என்றே பேசுகிறது. கூட்டுப்பணி என்பது இயந்திரத்தின் பண்பன்று. பணி அமைக்கப்படும் முறையின் பண்பு.

இவ்வுண்மை சிங்கப்பூருக்கு மிகவும் பொருந்தும். அனைத்துலக ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2023இல் இங்கு உற்பத்தித் துறை ஊழியர் 10,000 பேருக்கு 770 ரோபோக்கள் இருந்தன. தென்கொரியாவுக்கு அடுத்து இதுவே உலகின் உயர்ந்த விகிதம். மூப்படையும் நம் ஊழியரணியில், குனிந்து தூக்கும் பளுவை இயந்திரம் ஏற்பது பெரும் நன்மை. 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் புதிய திறன் கற்பதற்கென 2024 மே மாதம் முதல் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகையும் வழங்கப்படுகிறது.

ஆனால், பயிற்சி மட்டும் போதாது. திருகு சரியாகப் பொருந்தவில்லை என்பதை ஓசையாலேயே உணரும் அனுபவம் நெடுநாள் ஊழியரிடம் உள்ளது. கரத்தைக் கையால் பற்றி அதற்கு வழி கற்பிக்கும்போது, அவ்வனுபவத்தின் ஒரு பகுதி இயந்திரத்துக்குச் செல்கிறது. கற்பித்தவரைப் பிறகு எந்த இடத்தில் அமர்த்துவது என்பதை இயந்திரம் முடிவு செய்யாது; நிறுவனமே முடிவு செய்யும். பணியிடத்தை வடிவமைக்கும் மேசையில் அந்த ஊழியருக்கும் ஓர் இருக்கை இருந்தால்தான், வேலி அகன்றதற்குப் பொருள் உண்டு.