பிள்ளையின் முகம் விளம்பரத்துக்கு வரும்போது

"அக்கா, பிள்ளையை மொடலிங்குக்கு விடலாமோ? நல்ல காசு வருமெண்டு சொல்லுறாங்க."

பேசாலைப் பக்கத்திலிருந்து வந்த அந்தத் தாய் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். கணவர் கடல் தொழில். இவர் கருவாடு காயவைத்து விற்பவர். மூன்று பிள்ளைகளில் நடுப்பிள்ளைக்கு எட்டு வயது. பாடசாலை ஒளிவிழாவில் அந்தப் பிள்ளை ஆடிய நடனத்தை யாரோ படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். இரண்டு கிழமையில் தாயின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. கொழும்பில் இருக்கும் ஒரு கொம்பனி என்றும், சவர்க்கார விளம்பரத்துக்குப் பிள்ளை தெரிவாகிவிட்டது என்றும் அதில் எழுதியிருந்தது. பதிவுக்கும் அல்பத்துக்கும் 35,000 ரூபா வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். நான்கு படங்கள் அனுப்ப வேண்டும். அவற்றில் ஒன்று நீச்சல் உடையில் இருக்க வேண்டும்.

தோட்டை அடகு வைக்கப் போகும் வழியில்தான் அவர் எங்களிடம் வந்திருந்தார். காதில் தோடு இல்லை. கைப்பையில் கடதாசியில் சுற்றி வைத்திருந்தார்.

"பிள்ளைக்கு விருப்பமோ?" என்று கேட்டேன்.

"அவள் துள்ளிக்கொண்டு நிக்கிறாள் அக்கா. வகுப்பில எல்லாருக்கும் சொல்லிப் போட்டாள்."

பிள்ளையின் ஆசையைத் தவறு என்று சொல்ல எனக்கு மனமில்லை. கூத்தும் பாஸும் நடக்கும் ஊரில் பிறந்த பிள்ளை அது. பேசாலையின் உடக்குப் பாஸ் பார்த்தும், மாதோட்டத்துக் கூத்துப் பாட்டுகள் கேட்டும் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் மேடைக்குக் கூச்சப்படுவதில்லை. தாயின் ஆசையும் தவறில்லை. டீசல் விற்கிற விலையில் கடலுக்குப் போன படகு பல நாள் வெறுங்கையோடு திரும்புகிறது. அந்தச் செய்தியில் இருந்தவைதான் தவறு.

முதலில் காசு. இந்தத் தொழிலில் முகவர் என்பவர், பிள்ளைக்கு வேலை கிடைத்து ஊதியம் வந்த பிறகு அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்பவர். வேலைக்கு முன்பே பதிவு, அல்பம், பயிற்சி என்று பணம் கேட்பவர் பெற்றோரிடமிருந்துதான் உழைக்கிறார். சிறு பிள்ளைக்கு விலைகூடிய அல்பமே தேவையில்லை. ஆறு மாதத்தில் பல் விழும், உயரம் கூடும், முகம் மாறும். பகல் வெளிச்சத்தில், சாதாரண உடுப்பில், பவுடர் பூச்சு இல்லாமல் முகம் ஒன்று, முழு உருவம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்தால் போதும். கூடவே உயரம், உடுப்பின் அளவு, பிறந்த திகதி. உடுப்புக் கொம்பனிகள் அழகைப் பார்ப்பதற்கு முன் அளவைத்தான் பார்க்கின்றன. தைத்து வைத்த மாதிரி உடுப்பு எந்தப் பிள்ளைக்குப் பொருந்துகிறதோ அந்தப் பிள்ளைக்கே வேலை. இது தெரியாமல் "என் பிள்ளையை ஏன் எடுக்கவில்லை" என்று வீட்டில் அழுகிற தாய்மார் உண்டு.

இரண்டாவது அவசரம். வெள்ளிக்கிழமைக்குள் என்றால் யாரிடமும் கேட்க நேரமிருக்காது. அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை.

மூன்றாவதைச் சொல்லும்போது அந்தத் தாயின் முகம் மாறிவிட்டது. சவர்க்கார விளம்பரத்துக்கு எட்டு வயதுப் பிள்ளையின் நீச்சல் உடைப் படம் எதற்கு? முகம் தெரியாத ஒருவருடைய தொலைபேசிக்குப் போன படத்தைத் திருப்பி எடுக்க வழியில்லை. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் 1995இல் 286அ என்றொரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஆபாசமான படத்துக்காகப் பிள்ளையை நிற்கவோ நடிக்கவோ தூண்டுபவர் மட்டுமல்ல, அதற்கு இடம் கொடுக்கும் பெற்றோரும் பாதுகாவலரும் அந்தப் பிரிவின்படி குற்றவாளிகள். சட்டம் படிக்காத தாய் ஏமாந்து அனுப்பினாலும் அவமானமும் அலைச்சலும் அவருக்குத்தான். சந்தேகம் வந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், தமிழிலும் பேசலாம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சபை அது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். கையெழுத்து வைக்க முன் கடிதத்தை அவரிடம் காட்டுவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

நாங்கள் அன்று செய்தது எளிது. அந்த இலக்கத்துக்கு, "கொம்பனியின் பதிவு இலக்கம் என்ன, அலுவலகம் எங்கே, நேரில் வரலாமா" என்று கேட்டு எழுதினோம். பதில் வரவில்லை. மறுநாள் அந்தக் கணக்கே இல்லை. முதலில் வந்த செய்தியைத் தாய் அழிக்காமல் வைத்திருந்தது நல்லது. முறைப்பாடு செய்வதற்கு அது வேண்டியிருந்தது.

அப்படியானால் பிள்ளையை அனுப்பவே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. முறையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கும் வீட்டில் நடக்கக்கூடியதைப் பற்றி ஒரு பழைய கதை இருக்கிறது. அதை அன்று அந்தத் தாய்க்கும் சொன்னேன்.

1921இல் சார்லி சாப்ளின் 'த கிட்' என்ற மௌனப் படத்தை வெளியிட்டார். அதில் அநாதைப் பையனாக நடித்தவன் ஜாக்கி கூகன். படம் வந்தபோது அவனுக்கு ஆறு வயது. உலகமே அவனைத் தூக்கிக் கொண்டாடியது. பிள்ளைப் பருவத்தில் அவன் உழைத்தது மூன்று, நான்கு மில்லியன் டொலர் என்று மதிப்பிடுகிறார்கள். 1935இல் தகப்பன் கார் விபத்தில் இறந்துபோனார். அதே வருடம் ஜாக்கிக்கு 21 வயதானது. தன் பணத்தைக் கேட்டபோது தாயும் அவர் மறுமணம் செய்தவரும் கொடுக்கவில்லை. அன்றைய கலிபோர்னியச் சட்டப்படி பிள்ளையின் உழைப்பு பெற்றோருக்கே சொந்தம். 1938இல் பெற்ற தாய்க்கு எதிராக வழக்குப் போட்டான். கடைசியில் கைக்கு வந்தது ஏறக்குறைய 126,000 டொலர். நாடே கோபப்பட்டதால் 1939இல் அங்கே 'கூகன் சட்டம்' வந்தது. இன்று அந்த மாநிலத்தில் பிள்ளையின் ஊதியத்தில் 15 வீதத்தைப் பிள்ளையின் பெயரில் பூட்டி வைக்கவேண்டும்.

"பெத்த தாயோ அக்கா?" என்று அந்தத் தாய் இரண்டு தரம் கேட்டார். பெத்த தாய்தான். அவரும் முதல் நாளிலேயே பிள்ளையின் காசைத் தின்ன நினைத்திருக்கமாட்டார் என்றே நான் நினைக்கிறேன். வீட்டுச் செலவுக்கு, பிறகு கடனுக்கு, பிறகு கௌரவத்துக்கு என்று ஒவ்வொரு படியாகத்தான் போயிருக்கும்.

பக்கத்து நாட்டில் இதற்குத் தெளிவான அளவுகள் இருக்கின்றன. இந்தியாவில் 2016இல் சிறுவர் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டு, 2017இல் விதிகள் வந்தன. நடிக்கும் பிள்ளையிடம் ஒரு நாளில் 5 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஓய்வில்லாமல் 3 மணித்தியாலத்துக்கு மேல் நிற்க வைக்கக்கூடாது. தொடர்ந்து 27 நாள்களுக்கு மேல் கூடாது. ஊதியத்தில் குறைந்தது 20 வீதம் பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்பாக இருக்கவேண்டும். மாவட்ட நீதவானின் அனுமதி வேண்டும். எங்கள் நாட்டுத் தாய்மாரும் இவற்றை அளவுகோலாகப் பிடித்துக்கொண்டு, "என் பிள்ளைக்கு இதுதான் நேரம்" என்று எழுதிக் கேட்கலாம். இங்கே 16 வயது வரை பாடசாலை கட்டாயம். 2021இல் பிள்ளைகளை வேலைக்கமர்த்தும் குறைந்த வயதும் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே பாடசாலை நாளில் வரச்சொல்லும் படப்பிடிப்பு என்றால் ஒரே பதில்தான். மன்னாரிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றர்வரை இருக்கிறது. ஒரு நாள் படப்பிடிப்பு பிள்ளைக்கு மூன்று நாள் பாடத்தைத் தின்னும்.

காசைப் பொறுத்தவரை எங்கள் வங்கிகளில் சிறுவர் சேமிப்புக் கணக்குகள் உண்டு. பிள்ளையின் பெயரில் ஒன்று திறந்து, ஊதியம் முழுவதையும் அதில் போடுங்கள். பயணச் செலவைக் கொம்பனியிடம் தனியாகக் கேளுங்கள்.

பிரான்சில் சொந்தக்காரர் உள்ளவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே 2020இல் வந்த சட்டம், யூரியூப்பில் தோன்றும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வருமானத்துக்கும் பாதுகாப்பு வைத்தது. தன் படத்தை நீக்கும்படி பிள்ளை தானே கேட்கலாம். பெற்றோரின் சம்மதம் தேவையில்லை.

பிள்ளையின் சம்மதம் என்று எழுதும்போது எனக்கு மடு நினைவுக்கு வருகிறது. 1990இல் ஐ.நா. அகதிகள் நிறுவனம் மடுவிலும் பேசாலையிலும் நிவாரண நிலையங்களைத் திறந்தது. மடுவில் நாங்களும் இருந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. கோப்பையோடு வரிசையில் நின்றபோது வெளியிலிருந்து வந்த ஒருவர் என்னைப் படம் எடுத்தார். தலை இழுக்காமல், கிழிந்த சட்டையோடு நின்றேன். "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்ல எனக்கு அவருடைய மொழி தெரியாது. பல வருடங்களுக்குப் பின் கனடாவில் இருக்கும் என் சித்தி, நிதி சேர்க்கும் துண்டுப்பிரசுரம் ஒன்றில் அந்தப் படத்தைக் கண்டு வெட்டி அனுப்பினார். அதில் என் பெயர் இல்லை. உதவி வந்திருக்கலாம், அதற்கு நன்றி. ஆனால் அந்தப் படத்தை என் பிள்ளைகளுக்கு இன்றுவரை நான் காட்டவில்லை. பசித்த பிள்ளையின் முகமும் விளம்பரத்துக்குப் போகிற முகம்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. சாமத்தியச் சடங்கு அல்பம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையை மணப்பெண் போல அலங்கரித்து, சினிமாப் பாட்டுக்கு ஆடவைத்து, கடற்கரையில் நிற்கவைத்து வீடியோ எடுக்கிறோம். பிறகு அது ஸ்ரூடியோவின் கண்ணாடிப் பெட்டியிலும் பேஸ்புக் பக்கத்திலும் கடை விளம்பரமாகத் தொங்குகிறது. இதற்கு நாங்கள் காசு வாங்கவில்லை, காசு கொடுத்திருக்கிறோம்! முற்பணம் கட்டும்போதே ரசீதில் "எங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் படங்களை வெளியிடக்கூடாது" என்று ஒரு வரி எழுதுவியுங்கள். மறுக்கிற கடையை விட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

நிறத்தைப் பற்றியும் கேட்டார் அந்தத் தாய். "பிள்ளை கறுப்பு அக்கா, அதால கழிச்சுப் போடுவாங்களோ?" கழிப்பவர்கள் இருக்கிறார்கள், பொய் சொல்லமாட்டேன். ஆனால் காலம் கொஞ்சம் அசைந்திருக்கிறது. 2009இல் சென்னையில் 'கறுப்பே அழகு' என்ற இயக்கம் தொடங்கியது. 2020இல் 'பெயார் அண்ட் லவ்லி' களிம்பின் பெயரிலிருந்து 'பெயார்' என்ற சொல்லையே அந்தக் கொம்பனி எடுத்துவிட்டது. பெயரை மாற்றியதால் மனம் மாறிவிட்டது என்று நான் நம்பவில்லை. எப்படியானாலும் வெள்ளைப் பவுடர் பூசிப் படம் அனுப்பவேண்டாம். அதைப் பார்க்கும் பிள்ளைக்கு அது என்ன சொல்லும் என்று யோசியுங்கள்.

தெரிவாகாத பிள்ளையைத் தேற்றுவதும் இதில் ஒரு பெரிய வேலை. "நீ வடிவில்லை" என்று பிள்ளை கேட்டுக்கொள்ளக்கூடாது. தெரிவான பிள்ளையும் வாழ்நாள் முழுவதும் அங்கேயே நிற்கவேண்டும் என்றில்லை. 2002இல் வந்த மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' எங்கள் மண்ணின் கதை. மாங்குளத்துத் தாய் ராமேஸ்வரத்தில் விட்டுப்போன பிள்ளையாக நடித்த கீர்த்தனா இந்தியாவின் தேசிய விருது பெற்றார். தாய் தகப்பன் இருவருமே சினிமாக்காரர். அப்படியிருந்தும் அவர் நடிகையாகத் தொடரவில்லை.

எங்கள் பேசாலைப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். மூன்று நாள் தாயோடு பேசவில்லையாம். நான்காம் நாள் சாப்பிட்டிருக்கிறாள். தோடு தாயின் காதுக்குத் திரும்பியது. பாடசாலை நாடகத்தில் ரீச்சர் ஒரு நல்ல பாத்திரம் கொடுத்தார். அடுத்த நத்தாருக்கு மன்னார் நகரத்துப் புடவைக்கடை ஒன்று சிறுவர் உடுப்பு விளம்பரத்துக்குப் பிள்ளை தேடியபோது, ரீச்சரே இவளைச் சொன்னார்.

ஒரு பக்கத் தாளில் உடன்படிக்கை எழுதினோம். சனிக்கிழமை காலை, மூன்று மணித்தியாலம், நான்கு உடுப்பு. உடுப்பு மாற்றும் அறையில் தாய் மட்டும். படம் கடையின் சுவரொட்டிக்கும் பத்திரிகைக்கும் ஒரு வருடம். வேறு எதற்கும் இல்லை. கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு கையெழுத்து வைத்தார்.

ஒன்பது மணிக்குத் தொடங்கியது. பதினொன்றரைக்குப் பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டாள். படம் எடுத்த தம்பி, "அன்ரி, இன்னும் ஒண்டே ஒண்டு" என்றார். தாய் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"போதும் தம்பி. பிள்ளை களைச்சுப் போச்சு" என்றார்.

ஊதியம் வங்கிக்குப் போனது. ஒரு சட்டை வீட்டுக்கு வந்தது. நத்தாருக்கு முதல் கிழமை கடைத்தெருவில் சுவரொட்டி ஒட்டியிருந்ததைப் பார்க்க மூவரும் போனோம். தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். மகள் தன் படத்தை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. சுவரொட்டியின் கீழ் மூலையை ஒரு மன்னார்க் கழுதை மென்றுகொண்டு நின்றது. "அம்மா, பசை இனிக்குமோ?" என்று கேட்டாள்.