எலைசா சோதனையும் இரத்தம் எடுக்கும் நாளும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடசென்னையில் காய்ச்சல் மிகுவது ஆண்டுதோறும் காண்பதே. புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி முதலியன தாழ்ந்த பகுதிகளாதலால் மழைநீர் அங்கு எளிதில் வடிவதில்லை. தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் பரவுகிறது. குடத்திலும் தொட்டியிலும் நன்னீர் திறந்து கிடந்தால் கொசு பெருகி டெங்கு வருகிறது. கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்நோவு ஆகியவை இரண்டிற்கும் பொது; முதல் சில நாட்களில் பார்வையால் மட்டும் பிரித்தறிதல் அரிது.

இது நகரத்தாருக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஈரம் கசியும் தறிக்குழியில் நாள்முழுதும் காலை வைத்து நெய்பவருக்கும், பித்தவெடிப்புள்ள காலோடு சேற்றில் இறங்கி நாற்று நடுபவருக்கும், புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் நீரும் கழிவும் மிதித்து உழைப்பவருக்கும் எலிக்காய்ச்சல் வரும் வாயில் ஒன்றே. தோலிலுள்ள புண்ணோ வெடிப்போதான் அது.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் அங்கத்தினர் கையில் ஒரு சீட்டு இருக்கிறது. அதில் 'எலைசா' என்றும், பக்கத்தில் 'பாசிட்டிவ்' அல்லது 'நெகட்டிவ்' என்றும் குறித்திருக்கும். அந்த ஒரு சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் மருந்தை நிறுத்துவோரும் உளர். வீணே கலங்குவோரும் உளர். ஆதலின் இச்சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறிந்திருத்தல் அவசியம்.

சாயத்தொழில் அறிந்தவர்க்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். வெறும் நூலில் பல சாயங்கள் நிலைப்பதில்லை; அலசினால் போய்விடும். படிகாரம் ஏற்றிய நூலிலோ சாயம் பற்றிக்கொண்டு, எத்தனை முறை அலசினாலும் நிற்கும். எலைசாவும் ஏறக்குறைய அவ்வாறே. ஓர் உள்ளங்கை அளவுள்ள பிளாஸ்டிக் தட்டில், வரிசைக்குப் பன்னிரண்டாக எட்டு வரிசைகளில் 96 சிறு குழிகள் உள்ளன. குழிகளின் உட்புறத்தில் நோய்க்கிருமியின் கூறு ஒன்றை முன்னரே படியச் செய்திருப்பர். நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை அதில் விடுகின்றனர். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் அத்தெளிநீரில் இருந்தால், அது குழியின் சுவரிலுள்ள கிருமிக்கூற்றைப் பற்றிக்கொள்ளும். பிறகு அலசுகின்றனர். ஒட்டாதன யாவும் போய்விடும்.

அடுத்து, மனித எதிர்ப்பொருளைத் தேடிப் பற்றும் மற்றொரு பொருளை இடுகின்றனர். அதனோடு ஒரு நொதியைப் பிணைத்திருப்பர். பெரும்பாலும் இந்நொதி குதிரைமுள்ளங்கி என்னும் மேனாட்டுக் கிழங்கிலிருந்து எடுக்கப்படுவது. மீண்டும் அலசி, நிறமற்ற ஒரு திரவத்தை விட்டால், நொதி நின்ற குழியில் அது நீலமாகும். அமிலம் சேர்த்து நிறுத்தியதும் மஞ்சளாகும். நொதியின் ஒரு மூலக்கூறு எண்ணற்ற நிற மூலக்கூறுகளைத் தோற்றுவிப்பதால், மிகச் சிறிதளவு எதிர்ப்பொருளும் கண்ணுக்குப் புலனாகிறது. மஞ்சளின் அடர்த்தியைக் கருவி அளந்து எண்ணாகத் தருகிறது. சரிவர அலசாத குழி பொய்நிறம் காட்டும் என்பதைச் சாயப்பட்டறைக்காரர் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதனாலேயே, நோய் உண்டு என்று உறுதியான தெளிநீரையும், இல்லை என்று உறுதியான தெளிநீரையும் ஒவ்வொரு தட்டிலும் உடன்வைத்து ஒப்புநோக்குகின்றனர்.

இம்முறையை 1971-இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மானும் வெளியிட்டனர். அதே காலத்தில் ஹாலந்து நாட்டிலும் தனியே கண்டறியப்பட்டது. அதற்கு முன் இத்தகைய நுண்ணளவுகளை அறியக் கதிரியக்கப் பொருள் தேவைப்பட்டது. அதனைக் கையாள்வது எல்லா மருத்துவமனைகளுக்கும் இயலும் காரியமன்று.

நம் மாநிலத்தில் இச்சோதனை புரிந்த பெரும்பணி 1986-இல் நிகழ்ந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற டாக்டர் செல்லப்பன் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமன் அவர்களின் யோசனைப்படி எண்பதுக்கு மேற்பட்டவர்களின் இரத்தத்தைச் சேகரித்தார். அன்று சென்னையில் அதற்கு வேண்டிய வசதி இல்லாமையால், பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். அங்கு ஜேக்கப் ஜான் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் ஆறு குழிகள் மஞ்சளாயின. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது இவ்வாறே. ஆனால் அம்மஞ்சளைக் கண்டவுடன் அவர்கள் முடிவு கூறிவிடவில்லை. புதிதாக இரத்தம் எடுத்து, வேறொரு முறையில் அமெரிக்காவில் சோதித்து உறுதி செய்த பின்னரே செய்தி அரசுக்கும் சட்டசபைக்கும் சென்றது. இன்றும், நோய்க்குறி இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு என்று கூறுமுன் வெவ்வேறு வகையான மூன்று சோதனைகள் ஒத்திருக்க வேண்டும் என்பது விதி. முதற்சீட்டைக் கண்டு குடும்பத்தில் கலகம் விளைவித்துக்கொள்வோர் இதை நினைவில் வைப்பார்களாக.

நிலக்கடலை பயிரிடும் அங்கத்தினர்களுக்கு ஒரு செய்தி. பூசணம் பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சை அளக்க, ஹைதராபாத் அருகே பட்டாஞ்சேருவிலுள்ள இக்ரிசாட் நிலையத்தார் எலைசா முறையையே வகுத்துள்ளனர். அங்குக் கணக்கு தலைகீழ்: நஞ்சு மிகுந்தால் நிறம் குறையும்.

இனிக் காய்ச்சலுக்கு வருவோம். டெங்குவில் முதல் ஐந்து நாட்களில் எதிர்ப்பொருள் போதிய அளவு தோன்றியிராது. அப்போது தேட வேண்டியது கிருமியே வெளியிடும் என்.எஸ்.1 என்னும் புரதம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பொருளைத் தேடுவர். இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். மட்டும் சோதித்து 'நெகட்டிவ்' வந்தால் அதற்குப் பொருள் ஒன்றுமில்லை. எலிக்காய்ச்சலிலும் எதிர்ப்பொருள் புலப்பட ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. ஆதலின் ஐயம் நீடித்தால் ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுமுறை இரத்தம் கேட்பார்கள். முன்னரே எடுத்தாயிற்றே என்று மறுக்கலாகாது. மறுபுறம், ஐ.ஜி.எம். இரத்தத்தில் மாதக்கணக்கில் தங்கக்கூடும்; ஐப்பசியில் கண்ட டெங்குவின் சுவடு மார்கழிக் காய்ச்சலின் சீட்டில் தோன்றவும் கூடும்.

சில நிமிடங்களில் விடை தரும் அட்டைச் சோதனைகளும் கடைத்தெருவில் உள்ளன. டெங்குவை உறுதிசெய்ய அரசுத் திட்டம் ஏற்பது எலைசாவையே. கிண்டி கிங் நிலையத்திலும் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் அது நடைபெறுகிறது. பல மாதிரிகள் சேர்ந்தபின் ஒரே தட்டில் சோதிப்பது வழக்கமாதலால் விடை வரத் தாமதமாகலாம். எலிக்காய்ச்சல் என்று ஐயுறும் மருத்துவர் அவ்விடைக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குகிறார். தாமதம் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். சீட்டில் பின்னர் 'நெகட்டிவ்' என்று வந்தாலும், அவரைக் கேளாமல் அம்மருந்தை நிறுத்தலாகாது.

இரத்தம் கொடுக்கும்போது, காய்ச்சல் தொடங்கிய தேதியைச் சொல்லிச் சீட்டில் எழுதச் செய்க. ஆட்டுத்தொட்டி, வயல், தறிக்குழி என எங்கு வேலை என்பதையும், காலில் புண் இருந்ததா என்பதையும் மருத்துவரிடம் கூறுக. எந்தச் சோதனையை எந்த நாளில் செய்ய வேண்டும் என்று அவர் தீர்மானிப்பது இவ்விவரங்களைக் கொண்டே.