பிறந்த குழந்தையின் நுரையீரலில் ஒரு டீ கிளாஸ் தண்ணீர்: முதல் மூச்சுக்கு முன் அது எங்கே போகிறது?

பைக்காரா அணைக்குப் போயிருக்கீங்களா? நிரம்பி நிற்கும் தண்ணீர் வெளியேற மதகைத் திறந்தால் போதும். சரிவு இருக்கிறது, தானாக ஓடிவிடும். 1932 முதல் இங்கே மின்சாரம் எடுப்பதும் அந்தச் சரிவை நம்பித்தான்.

இப்போ ஒரு பச்சிளம் குழந்தையை யோசிச்சுப் பாருங்க. பிறக்கும் வரை அதன் நுரையீரலில் காற்று இல்லை, நிறைந்திருப்பது திரவம்தான். எடையில் கிலோவுக்கு சுமார் 20 முதல் 30 மில்லி. 3 கிலோ குழந்தை என்றால் 60 முதல் 90 மில்லி, கிட்டத்தட்ட ஒரு டீ கிளாஸ். அணை மாதிரி அங்கே சரிவெல்லாம் கிடையாது. ஆனால் பிறந்த சில நிமிடங்களில் அந்த இடத்துக்குக் காற்று வந்தே ஆக வேண்டும்.

அது பனிக்குட நீரா?

"குழந்தை பனிக்குட நீரைக் குடிச்சிருச்சு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. இந்தத் திரவம் அது இல்லை. நுரையீரலே சுரப்பது. காற்றறைகளின் சுவர் குளோரைடு உப்பை உள்ளே தள்ளுகிறது, உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகிறது. பலூனை ஊதி வைத்தது போல நுரையீரல் விரிந்து வளர இந்த நீர் தேவை. ஒன்பது மாதம் உதவிய அதே நீர், பிறந்த நிமிடத்தில் ஆபத்தாகிறது.

பிரசவ வலி போடும் சுவிட்ச்

பிறக்கும் வழியில் மார்பு நெருக்கப்பட்டு நீர் பிழிந்து வெளியேறுகிறது என்பதுதான் பழைய விளக்கம். அது முழுத் தவறில்லை. ஆனால் அப்படிப் போவது ஒரு சிறு பங்குதான்.

முக்கிய வேலை உப்பு வழியாக நடக்கிறது. பிரசவ வலி தொடங்கியதும் குழந்தையின் உடலில் அட்ரினலின், கார்டிசோல் ஹார்மோன்கள் எகிறும். உடனே காற்றறைச் சுவரில் உள்ள சோடியம் சேனல்கள் திறக்கின்றன. அதுவரை உள்ளே உப்பைத் தள்ளிய சுவர், இப்போது உப்பை வெளியே இழுக்கிறது. தண்ணீர் அதன் பின்னாலேயே போகிறது. குழந்தை இழுக்கும் முதல் மூச்சுகளின் அழுத்தமும் சேர்ந்து நீரைச் சுவருக்கு அப்பால் தள்ளுகிறது. அங்கிருந்து ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் சில மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துச் சென்றுவிடும்.

தண்ணீருக்கென்றே ஒரு வாசல்

செல்லின் சுவர் கொழுப்பால் ஆனது. அதைத் தாண்டி தண்ணீர் எப்படி இவ்வளவு வேகமாகப் போகிறது? இதற்கு 1992-ல் விடை சொன்னது அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஆக்ரேயின் குழு. ரத்தச் சிவப்பணுவில் கிடைத்த ஒரு புரதத்தைத் தவளை முட்டையில் உருவாக வைத்து, முட்டையை நீர்த்த கரைசலில் போட்டார்கள். முட்டை வேகமாக உப்பி வெடித்தது. அந்தப் புரதம்தான் அக்வாபோரின், தண்ணீர் மட்டும் வரிசையில் நுழையும் நுண்ணிய வாசல். ஒரு வாசலில் நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகும். 2003-ல் ஆக்ரேவுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

நுரையீரலில் காற்றறைச் சுவரில் அக்வாபோரின்-5, அதை ஒட்டிய ரத்தக் குழாய்ச் சுவரில் அக்வாபோரின்-1 இருக்கின்றன. எலிகளில் பிறப்பையொட்டி அக்வாபோரின்-1 அளவு கூடுவதையும் பார்த்திருக்கிறார்கள்.

அப்போ எல்லாப் பெருமையும் அக்வாபோரினுக்கா? இங்கேதான் ஒரு ட்விஸ்ட். இந்த வாசல்கள் இல்லாமல் பிறந்த சுண்டெலிகளின் நுரையீரலும் சரியாகவே காய்ந்தது. ஆனால் சோடியம் சேனல் வேலை செய்யாத சுண்டெலிக் குட்டிகள், 1996-ல் வெளியான ஆய்வில், நுரையீரல் நீர் வற்றாமல் பிறந்த 40 மணி நேரத்துக்குள் இறந்துவிட்டன. ஆக, நீரை இழுக்கும் மோட்டார் சோடியம். அக்வாபோரின் அதற்குப் பாதையைச் சுலபமாக்குகிறது.

சிசேரியனில் என்ன சிக்கல்?

வலியே வராமல், முன்கூட்டியே தேதி குறித்துச் செய்யும் சிசேரியனில் அந்த ஹார்மோன் சுவிட்ச் முழுதாகப் போடப்படுவதில்லை. குழந்தை ஈர நுரையீரலோடு வெளியே வந்து வேகமாக மூச்சு வாங்கலாம். பெரும்பாலும் ஆக்ஸிஜன் உதவியோடு 24 முதல் 72 மணி நேரத்தில் சரியாகிவிடும். தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. அதனால் இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. மருத்துவக் காரணம் இல்லாதபோது 39 வாரத்துக்கு முன் தேதி குறிக்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல நாள், நட்சத்திரம் பார்த்து ஒரு வாரம் முன்னே தள்ளச் சொல்பவர்கள் கவனிக்க! அதற்காக, தேவையான சிசேரியனைத் தள்ளிப்போடவும் கூடாது.

குறைமாதத்தில் பிரசவம் ஆகும் என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நுரையீரலை முதிர வைப்பதோடு, சோடியம் சேனல்களையும் அது தயார்ப்படுத்துகிறது.

மலையில் இருப்பவர்கள் கவனத்துக்கு

பைக்காரா கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். சமவெளியைவிட இங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஊட்டிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் மலைப்பாதை. எனவே வீட்டுக்கு வந்த பிறகும் மூச்சைக் கவனியுங்க. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்க. 60-க்கு மேல் போகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, விலா எலும்புக்கு இடையே தோல் உள்ளே இழுக்கிறதா, முனகுகிறதா, உதடு நீலமாகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே 108-ஐ அழையுங்க.